ஷெர்லக் ஹோம்ஸின் முதல் வழக்கும் நம் ஆரணிக்காரரும்

(கீழ்பென்னாத்தூரில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச அழைத்த சங்கத்தார் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்கள். "சார், எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க. கெமிஸ்ட்ரி மட்டும் வேண்டாம்" என்றார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவன் நான். அவர்கள் பயம் நியாயமானதுதான். சரி, ஒரு துப்பறியும் நாவலைப் பற்றிப் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அந்த நாவலில் கதாநாயகன் முதன்முதலாக அறிமுகமாகிற இடமே ஒரு கெமிஸ்ட்ரி லேப் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.

நாவலின் பெயர் 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'. ஷெர்லக் ஹோம்ஸ் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கமாட்டார்கள். அவர் வருகிற முதல் புத்தகம் இதுதான். ஓவியர்கள் பெரிய படம் வரைவதற்கு முன்னால் பழகிப் பார்க்கிற படத்துக்கு 'ஸ்டடி' என்று பெயர். இரத்தச் சிவப்பில் ஒரு பழகுபடம் என்று தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம். பழகுபடம் என்ற சொல் இந்தப் புத்தகத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்பது போகப்போகத் தெரியும்.

கொலையாளி யார் என்று நான் சொல்லப்போவதில்லை. படிக்காதவர்கள் தைரியமாக உட்காரலாம்.

முதலில் இந்தப் புத்தகம் பிறந்த கதை. 1886-ம் வருஷம். இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்ஸ்மத் நகரத்தில் சவுத்ஸீ என்று ஒரு பகுதி. அங்கே ஆர்தர் கோனன் டாயில் என்ற இளம் டாக்டர் போர்டு மாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நோயாளிகள் கூட்டம் அலைமோதவில்லை. நிறைய நேரம் இருந்தது, எழுதினார். எடின்பரோவில் அவருக்கு வைத்தியம் சொல்லிக்கொடுத்தவர் ஜோசப் பெல் என்ற பேராசிரியர். நோயாளி உள்ளே வந்து நாற்காலியில் உட்காருவதற்குள், அவன் என்ன தொழில் செய்கிறவன், எங்கிருந்து வருகிறான் என்று சொல்லிவிடுவாராம். நம் ஊர்ப் பக்கத்து நாட்டு வைத்தியர்கள் நாடி பிடிப்பதற்கு முன்னாலேயே ஆள் நடந்து வருகிற நடையைப் பார்த்துப் பாதி நோயைத் தெரிந்துகொள்வார்களே, அந்த மாதிரி. இப்படிப்பட்ட ஒரு மனிதர் வைத்தியத்தை விட்டுவிட்டுக் குற்றங்களைப் பார்க்க ஆரம்பித்தால் எப்படியிருக்கும் என்று டாயில் யோசித்தார். அதுதான் வித்து.

எழுதி முடித்து அனுப்பினார். ஒரு பத்திரிகை ஆசிரியர் பாராட்டிவிட்டுத் திருப்பி அனுப்பினார். அடுத்தடுத்த பதிப்பகங்களும் வேண்டாம் என்றன. கடைசியில் வார்டு லாக் என்ற பதிப்பகம் ஒத்துக்கொண்டது. ஆனால் இந்த வருஷம் சந்தையில் மலிவுப் புத்தகம் அதிகம், அடுத்த வருஷம்தான் போடமுடியும், எல்லா உரிமையையும் சேர்த்து 25 பவுண்டு தருகிறோம் என்றார்கள். விற்பனையில் ஒரு பங்கு கொடுங்கள் என்று டாயில் கேட்டுப் பார்த்தார். முடியாது என்றார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

25 பவுண்டு என்றால் எவ்வளவு? நம் வீடுகளில் நகையை 'இத்தனை பவுன்' என்று சொல்கிறோமே, அந்தப் பவுனே இங்கிலாந்தின் ஒரு பவுண்டு தங்க நாணயம்தான். கிட்டத்தட்ட எட்டு கிராம். ஆக, ஷெர்லக் ஹோம்ஸ் பிறந்த முதல் புத்தகம் மொத்தமாகப் போன விலை, பெண்ணுக்குப் போடுகிற 25 பவுன் நகை. அந்தப் புத்தகத்துக்காக அதற்குமேல் ஒரு காசுகூட அவருக்கு வரவில்லை.

1887 நவம்பரில் 'பீட்டன்ஸ் கிறிஸ்துமஸ் ஆன்யுவல்' என்ற இதழில் அது வெளிவந்தது. நம் தீபாவளி மலர் மாதிரி அவர்களுக்கு அது கிறிஸ்துமஸ் மலர். விலை ஒரு ஷில்லிங். நாவலோடு இரண்டு சின்ன நாடகங்களும் அதில் உண்டு. மலர் விற்றது. பண்டிகை முடிந்தது. பழைய மலர் என்ன ஆகும்? நம் வீட்டில் என்ன ஆகுமோ அதேதான் அங்கேயும். இன்றைக்கு உலகம் முழுவதும் தேடினாலும் முப்பத்துச் சொச்சம் பிரதிகள்தான் தேறும். 2007-ல் நியூயார்க் ஏலத்தில் ஒரு பிரதி ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் போனது. அன்றைக்குப் பொட்டலம் மடித்தவர்களுக்கு இது தெரிந்திருந்தால் என்ன பாடுபட்டிருப்பார்களோ!

இனி கதைக்குள் வருவோம். கதை சொல்கிறவர் டாக்டர் வாட்சன். இவர் நம் பக்கத்துக்கு வந்து போனவர் தெரியுமா? இராணுவ டாக்டராகப் பம்பாயில் வந்து இறங்குகிறார். அதற்குள் அவருடைய படை ஆப்கானிஸ்தானுக்குப் போய்விட்டது. பின்னாலேயே கந்தஹாருக்குப் போகிறார். 1880-ல் மைவாண்ட் என்ற இடத்தில் நடந்த சண்டையில் தோளில் குண்டு பாய்கிறது. பெஷாவர் ஆஸ்பத்திரியில் குடற்காய்ச்சல் வந்து பிழைக்கிறார். உடம்பு தேறாமல் லண்டனுக்குத் திரும்பி, குறைந்த வாடகைக்கு அறை தேடுகிறார். அறையைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் தேடுகிற இன்னொருவரிடம் ஒரு நண்பர் அழைத்துப்போகிறார். நம்மில் எத்தனை பேர் திருவண்ணாமலையில் ரூம் எடுத்து, வாடகையை மூன்று பேர் நாலு பேர் பகிர்ந்துகொண்டு படித்தோம்! உலகப் புகழ்பெற்ற பேக்கர் தெரு நட்பும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

வாட்சனைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் தெருக்கூத்தின் கட்டியங்காரன் ஞாபகம்தான் வரும். ராஜா வேஷம் கட்டினவர் திரைக்குப் பின்னாலிருந்து வருவார். கட்டியங்காரன் முன்னால் நின்று, "நீங்க யாரு? எந்த நாடு? எதுக்கு வந்தீங்க?" என்று கேட்பான். அவனுக்குத் தெரியாதா? தெரியும். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற நமக்காகக் கேட்கிறான். கட்டியங்காரன் இல்லாவிட்டால் ராஜா யாரிடம் தன் பெருமையைச் சொல்வார்? வாட்சன் இல்லாவிட்டால் ஹோம்ஸ் எவ்வளவு பெரிய மூளைக்காரராக இருந்தாலும் நமக்கு என்ன தெரிந்திருக்கும்? டாயில் செய்த பெரிய காரியம் துப்பறிகிறவரைப் படைத்தது மட்டுமல்ல, பக்கத்தில் ஒரு கட்டியங்காரனையும் நிறுத்தியது.

இருவரும் சந்திக்கிற இடம் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் வேதியியல் ஆய்வகம். டெஸ்ட் டியூபும் பர்னரும் நிறைந்த மேஜை. உள்ளே நுழைந்ததும் ஒரு மனிதர் டெஸ்ட் டியூபும் கையுமாக ஓடி வருகிறார். இரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினோடு மட்டும் சேர்ந்து வீழ்படிவு கொடுக்கிற ஒரு கரணியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று குதிக்கிறார். தன் விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் விடுகிறார். பார்த்தால் சாதாரணத் தண்ணீர். கரணியைப் போட்டதும் நிறம் மாறி அடியில் பழுப்புத்தூள் படிகிறது. சட்டையில் இருக்கிற கறை இரத்தமா, துருவா, பழச்சாறா என்று சொல்லமுடியாமல் எத்தனை கொலைகாரர்கள் தப்பியிருக்கிறார்கள், இனி தப்பமுடியாது என்கிறார்.

அந்தக் கரணி கற்பனைதான். ஆனால் தேவை உண்மையானது. நிஜ உலகத்துக்கு இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. மனித இரத்தமா மிருக இரத்தமா என்று பிரித்துச் சொல்லும் சோதனையை 1901-ல் ஜெர்மனியில் ஊலன்ஹூத் என்பவர் கொண்டுவந்தார். அதே காலகட்டத்தில் காஸில், மேயர் என்ற இருவர் பெயரில் இன்னொரு சோதனை வந்தது. அதற்கு வேண்டிய பொருள் என்ன தெரியுமா? ஃபீனால்ஃப்தலீன்! நம் பிராக்டிகல் வகுப்பில் ஆக்ஸாலிக் அமிலத்தை வைத்துக்கொண்டு, காஸ்டிக் சோடாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எப்போது இளஞ்சிவப்பு வரும் என்று கண்கொட்டாமல் பார்த்தோமே, அதே பாட்டில்தான். அதை நிறமற்றதாக ஒடுக்கி வைத்துக்கொண்டு, கறையைத் தொட்ட பஞ்சில் ஒரு சொட்டு விட்டு, மேலே ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால், இரத்தமாக இருந்தால் இளஞ்சிவப்பு வரும். சில காய்கறிச் சாறுகளுக்கும் அந்த நிறம் வந்துவிடும். அதனால் அதை வைத்து மட்டும் முடிவுகட்ட மாட்டார்கள், அடுத்த சோதனைக்கு அனுப்புவார்கள். தம்பிகளே, அடுத்த தடவை டைட்ரேஷன் செய்யும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ரீடிங்கைப் பக்கத்து பெஞ்சில் பார்த்து எழுதாதீர்கள்.

இன்னொரு செய்தியும் சொல்லவேண்டும். குற்ற வழக்குகளில் விஷம் கலந்திருக்கிறதா என்று பார்க்க அரசாங்கமே வைத்த இரசாயனப் பரிசோதனைச் சாலை இந்தியாவிலேயே முதன்முதலாக நம் சென்னையில்தான் ஏற்பட்டது, 1849-ல். ஹோம்ஸ் பிறப்பதற்கு 38 வருஷம் முன்பே! அதன் வழிவந்ததுதான் இன்றைய தடய அறிவியல் துறை.

வாட்சன் தன் ரூம்மேட்டைக் கொஞ்ச நாள் கவனித்துவிட்டு, இவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று ஒரு பட்டியல் போடுகிறார். ஒரு புரோகிரஸ் ரிப்போர்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இலக்கியம் பூஜ்யம். தத்துவம் பூஜ்யம். வானவியல் பூஜ்யம், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதே ஐயாவுக்குத் தெரியாது. கெமிஸ்ட்ரி மட்டும் அபாரம். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கள் டிபார்ட்மெண்டில் படித்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

பிறகு வழக்கு. யாருமில்லாத வீட்டில் ஒரு பிணம். உடம்பில் காயம் இல்லை, ஆனால் தரையில் இரத்தம். சுவரில் இரத்தத்தால் எழுதிய ஒரு சொல். ஒரு கல்யாண மோதிரம். லெஸ்டிரேடு, கிரெக்சன் என்று ஸ்காட்லாந்து யார்டின் இரண்டு இன்ஸ்பெக்டர்கள் போட்டி போட்டுக்கொண்டு தப்பான வழியில் ஓடுகிறார்கள். ஹோம்ஸ் வாசலில் வண்டிச் சக்கரத்தின் தடத்தைப் பார்க்கிறார், காலடித் தடத்தைப் பார்க்கிறார், தரையில் கிடக்கிற சுருட்டுச் சாம்பலை அள்ளிக் கவரில் போட்டுக்கொள்கிறார். காணாமல் போன மாட்டைக் குளம்புத் தடம் பார்த்தே தேடிப் பிடிக்கிற பெரியவர்கள் நம் கிராமங்களிலும் இருந்தார்கள். அவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருந்திருக்காது.

குறை இல்லாத புத்தகமா? இல்லை. பாதியில் கதை லண்டனை விட்டுவிட்டு அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்துக்குத் தாவிவிடுகிறது. ஹோம்ஸும் இல்லை, வாட்சனும் இல்லை. பைண்டிங்கில் வேறு புத்தகத்தைச் சேர்த்துத் தைத்துவிட்டார்களோ என்று தோன்றும். அங்கே வாழ்ந்த மார்மன் சமயத்தாரை மொத்தமாகக் கொடியவர்களாகக் காட்டியிருக்கிறார் டாயில். அது அவர்களை நோகடித்தது. ஆனாலும் 1923-ல் அவர் அங்கே போனபோது மரியாதையாகத்தான் வரவேற்றார்கள். இன்னொன்று, இந்தப் புத்தகத்தில் வாட்சனுக்குத் தோளில் பட்ட குண்டு, அடுத்த நாவலில் காலுக்கு இறங்கிவிடும்! ஏன்? இது ஒரு தொடரின் முதல் புத்தகம் என்பது எழுதும்போது அவருக்கே தெரியாது. 1889-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் லண்டனுக்கு வந்து விருந்து வைத்து இன்னொரு நாவல் கேட்டதால் 'தி சைன் ஆஃப் ஃபோர்' வந்தது. 1891-ல் 'ஸ்டிராண்ட்' இதழில் சிறுகதைகள் ஆரம்பமான பிறகுதான் ஹோம்ஸ் வீட்டுக்கு வீடு போனார். நாலு நாவல், 56 சிறுகதை. எல்லாம் அந்த 25 பவுண்டுப் பழகுபடத்திலிருந்து கிளைத்தவை.

நான் இங்கே முக்கியமாகச் சொல்ல வந்தது அந்த நாவலின் கடைசிப் பக்கத்தைப் பற்றி. வழக்கு முடிந்துவிட்டது. மறுநாள் பத்திரிகையில் செய்தி வருகிறது. கொலையாளியைப் பிடித்த பெருமை லெஸ்டிரேடுக்கும் கிரெக்சனுக்கும்! ஹோம்ஸ் என்று ஒரு ஆள் இருந்தார், இந்த இருவரிடமும் பழகினால் அவரும் கொஞ்சம் தேறுவார் என்கிற மாதிரி ஒரு வரி. ஹோம்ஸ் சிரிக்கிறார். வாட்சனுக்குத்தான் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன், உலகத்துக்குத் தெரியப்படுத்துவேன் என்கிறார். அந்தப் புத்தகம் எழுதப்பட்டதற்கு வாட்சன் சொல்கிற காரணமே அதுதான். காரியம் செய்தவன் ஒருவன், பெயர் வேறொருவனுக்கு. அதைச் சரிசெய்ய ஒரு கட்டியங்காரன் பேனாவை எடுத்தான். முதல் ஹோம்ஸ் நாவலை நான் இப்படித்தான் படிக்கிறேன்.

இப்படிப் படிக்க ஆரம்பித்தால் அதே புத்தகத்தில் வாட்சன் விட்டுவிட்ட பெயர்களும் கண்ணில் படும். மைவாண்ட் சண்டையில் தன்னைக் குதிரையில் போட்டுக் காப்பாற்றிய ஆர்டர்லியின் பெயரை நன்றியோடு சொல்கிறார், மர்ரே என்று. நல்லது. ஆனால் வெள்ளைக்காரர்களின் படைப்பிரிவு அங்கே தனியாக நிற்கவில்லை. பம்பாய் கிரெனேடியர்களும் ஜேக்கப் ரைஃபிள்ஸும் பக்கத்தில் நின்றன. அந்த ஒரு நாளில் செத்த தொள்ளாயிரத்துச் சொச்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியச் சிப்பாய்கள். அவர்கள் கதையில் ஒரு வரியாகக்கூட இல்லை.

இன்னொரு உதாரணம். இந்த நாவலில் காலடித் தடம் உண்டு, கைரேகை கிடையாது. கைரேகையை வகைப்படுத்தித் தேடி எடுக்கும் அலுவலகம் 1897-ல் கல்கத்தாவில் ஏற்பட்டது. அந்த முறை 1901-ல் ஸ்காட்லாந்து யார்டுக்கே போனது. லெஸ்டிரேடு வேலை பார்த்ததாகக் கதையில் வருகிற அதே இடத்துக்கு! அதற்குப் பெயர் 'ஹென்றி முறை'. வங்காளப் போலீஸின் தலைவராக இருந்த எட்வர்டு ஹென்றியின் பெயர். ஆயிரக்கணக்கான ரேகைத் தாள்களை எந்தக் கணக்கில் அடுக்கினால் உடனே எடுக்கலாம் என்று உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்ட சப்-இன்ஸ்பெக்டர்கள் அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். பின்னாளில் பட்டமும் பண முடிப்பும் கிடைத்தன. முறையின் பெயர் மட்டும் மாறவில்லை.

சரி, இதெல்லாம் தூரத்துக் கதை. நம் மாவட்டத்துக்கு வருகிறேன்.

தமிழில் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சானது 1879-ல். 'ஸ்டடி இன் ஸ்கார்லெட்' வந்து ஏழு வருஷத்தில், 1894-ல், பண்டித நடேச சாஸ்திரி 'தானவன்' என்ற போலீஸ் நிபுணன் குற்றங்களைக் கண்டுபிடிக்கிற கதைகளைத் தமிழில் போட்டுவிட்டார். பார்த்தீர்களா, நாம் அவ்வளவாகப் பின்தங்கவில்லை. 1908-ல் ஜே.ஆர்.ரங்கராஜு 'இராஜாம்பாள்' எழுதி, துப்பறியும் கோவிந்தனைக் கொண்டுவந்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரைக் கொண்டுவந்தார். இந்த வரிசையில் நிற்கிற இன்னொருவர் ஆரணி குப்புசாமி முதலியார்.

ஆரணி என்றால் வேறு ஆரணி இல்லை. இங்கிருந்து சேத்துப்பட்டு வழியாகவோ போளூர் வழியாகவோ பஸ் பிடித்துப் போகிறோமே, அதே ஆரணிதான். அவர் காலத்தில் வட ஆற்காடு ஜில்லா. இன்றைக்கு நம் திருவண்ணாமலை மாவட்டம். 1915-ல் தொடங்கிய 'ஆனந்தபோதினி' மாத இதழில் ஆசிரியராக இருந்தவர். 1925-ல் காலமானார். அதற்குள் அவர் எழுதிக் குவித்த நாவல்களைப் பரணில் அடுக்கினால் பரண் இறங்கிவிடும். 'இரத்தினபுரி இரகசியம்' பல பாகங்களாக வந்து ஊரையே கட்டிப்போட்டது. ரெயினால்ட்ஸ் முதலான ஆங்கில நாவலாசிரியர்களின் கதைகளை எடுத்துத் தமிழ்நாட்டுக்கு ஏற்றபடி மாற்றி எழுதினார். ஷெர்லக் ஹோம்ஸ் அவர் கையில் ஆனந்த்சிங் என்ற துப்பறிவாளராக மாறினார். பேக்கர் தெருக்காரருக்குத் தமிழ் பேசச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் நம் ஜில்லாக்காரர்!

"அது தழுவல்தானே சார், சொந்தச் சரக்கு இல்லையே" என்று கேட்பீர்கள். இலக்கிய வரலாறு எழுதியவர்களும் அதைத்தான் சொன்னார்கள்; ஒரு வரியில், கொஞ்சம் முகம் சுளித்து, எழுதிவிட்டு நகர்ந்தார்கள். தழுவல் தழுவல்தான், மறுக்கவில்லை. ஆனால் தனித்தமிழ் கண்ட மறைமலையடிகளே ரெயினால்ட்ஸின் ஒரு நாவலைத் தழுவித்தான் 1911-ல் 'குமுதவல்லி' எழுதினார். அந்தக் காலம் அப்படி. நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாத காலம். ஒரு வீட்டில் ஒருவர் படிக்க, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம். அடுத்த பாகத்தில் என்ன ஆகுமோ என்று தவித்தவர்கள், அந்தத் தவிப்புக்காகவே எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். கம்பராமாயணத்தை வாசிக்கிற வாசகனை உண்டாக்குவது வேறு. வாசகன் என்ற ஒருவனையே உண்டாக்குவது வேறு. இரண்டாவது வேலையைச் செய்தவர்கள் இவர்கள். அவர்கள் போட்ட பாதையில்தான் பிறகு 1942-ல் தேவனின் துப்பறியும் சாம்பு அசட்டுச் சிரிப்போடு நடந்து வந்தார், தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார், 1968-ல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' மூலம் சுஜாதாவின் கணேஷ் வந்தார். அந்த முதல் நாவலில் வசந்த் இல்லை என்பதையும் கவனியுங்கள். முதல் புத்தகம் என்றாலே ஏதோ ஒன்று இன்னும் வந்துசேராமல்தான் இருக்கும்.

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடங்களில் ஆரணிப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் படித்தார்கள். "உங்க ஊரு எதுக்குப் பேர் போனது?" என்று கேட்பேன். "பட்டுப்புடவை சார்", "அரிசி சார்" என்பார்கள். சரியான பதில்தான். குப்புசாமி முதலியார் என்று ஒரு பிள்ளைகூடச் சொன்னதில்லை. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. யாராவது சொல்லியிருந்தால்தானே!

இப்போது உங்களிடம் இரண்டு வேண்டுகோள்.

ஒன்று. வீட்டுக்குப் போனதும் பரணைப் பாருங்கள். தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அட்டை போன, முதல் பத்துப் பக்கம் இல்லாத, நாவலா பஞ்சாங்கமா என்று தெரியாத புத்தகம் ஏதாவது இருந்தால், பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். பீட்டன் மலருக்கு நடந்தது நம் 'ஆனந்தபோதினி' இதழ்களுக்கும் அந்த நாவல்களின் பழைய பதிப்புகளுக்கும் நடக்க வேண்டாம். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் இப்படிப் பொறுக்கிச் சேர்த்ததுதான் இன்றைக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய புத்தகங்களைப் படமெடுத்து இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. ஒரு புத்தகம் கிடைத்தாலும் சங்கத்துக்குச் சொல்லுங்கள். பத்திரமாகச் சேர்ப்பிக்க வழி செய்வோம். 'ஸ்டடி இன் ஸ்கார்லெட்' நாவலுக்கு இன்று காப்புரிமை கிடையாது. மாணவர்கள் கையில் இருக்கிற போனிலேயே இலவசமாகப் படிக்கலாம். இங்கிலீஷ் பயமாக இருந்தால் ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் படியுங்கள். மொத்தமே 14 அத்தியாயம். இரண்டு வாரத்தில் முடிந்துவிடும்.

இரண்டாவது வேண்டுகோள் நம் சங்கத்துக்கு. இதுவரை வந்த மலர்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். முதல்வர்கள் படம் இருக்கிறது, துறைத் தலைவர்கள் பட்டியல் இருக்கிறது, நன்கொடையாளர் பட்டியல் இருக்கிறது. எல்லாம் இருக்கவேண்டியதுதான். ஆனால் நாம் லேபுக்குள் நுழைவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, கரைசல்களைக் கலந்து, பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டி, நாம் உடைத்த பிப்பெட்டைப் பெருக்கி அள்ளிய லேப் அட்டெண்டர்களின் பெயர் எந்த மலரிலும் இல்லை. உப்பு ஆய்வில் விழித்துக்கொண்டு நின்றபோது, "தம்பி, இன்னொரு தடவை சூடுபண்ணிப் பாருப்பா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனவர் அவர். பரீட்சைக் கட்டணத்துக்குக் கடைசி நாள் என்று தேடி வந்து சொன்ன ஆபீஸ் உதவியாளர், மூடுகிற நேரம் தாண்டியும் நூலகத்தைத் திறந்து வைத்திருந்த உதவியாளர், ஹாஸ்டலில் பஸ்ஸைத் தவறவிட்டு லேட்டாக வந்தவனுக்கு ஒரு கரண்டி சாதம் எடுத்து வைத்திருந்த சமையல்காரம்மா... நம் மார்க் ஷீட்டில் இவர்கள் பெயர் இல்லை. இருக்கவும் முடியாது. மலரில் இருக்கலாமே! அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், ஞாபகம் மட்டும் இருந்தால் போதும்.

அந்த ஞாபகமும் நம் வயதுக்காரர்களோடு போய்விடும். அதனால் இன்றைக்கே செய்ய வேண்டும். வரவேற்பு மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கிற பெயர்களை, எந்தத் துறை, எந்த வருஷம் என்று குறிப்போடு எழுதுங்கள். முழுப்பெயர் தெரியாவிட்டால் எப்படிக் கூப்பிட்டோமோ அதை எழுதுங்கள். மீதியை விசாரித்துக் கண்டுபிடிப்போம். துப்பறிவதற்கு இதைவிட நல்ல வழக்கு வேண்டுமா? என் பங்குக்கு முதல் பக்கத்தில் ஆறு பெயர் எழுதியிருக்கிறேன். சாப்பாட்டுக்குப் போவதற்கு முன்னால் மற்றப் பக்கங்களை நிரப்பிவிட்டுப் போங்கள்.